படிவத்தில் இல்லாத கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினான்கு கேன்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மனிதனின் ஒரு முழு நாள் சிறுநீர். தூக்கி, அளந்து, குலுக்கி, சின்னக் குப்பியில் எடுத்து, எண் ஒட்டி, லேப் அக்காவிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. இந்த ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாற்றல் வாங்கி வந்தபோது, "வார்டு வேலை மாதிரி இல்ல சிஸ்டர், உக்காந்த வேலை" என்று ஒருவர் சொன்னார். மூன்று வருஷமாக அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் போன் வேலை. ஒரு முறையாவது சிறுநீரகக் கல் வந்தவர்கள் நூற்றுத் தொண்ணூற்றாறு பேர். பாதிப் பேருக்கு அறிவுரை அச்சடித்த ஒரு தாள் மட்டும். மறு பாதியை வாரம் ஒரு முறை நான் கூப்பிட்டு நச்சரிக்க வேண்டும். தண்ணீர் குடித்தீர்களா, உப்பைக் குறைத்தீர்களா, எலுமிச்சை பிழிந்துகொண்டீர்களா. இப்படி நச்சரித்தால் கல் திரும்ப வருவது குறைகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. அவர்களுக்குள் எனக்குப் பெயர் 'தண்ணி சிஸ்டர்'.

"பீர் அடிச்சா கல் கரைஞ்சிடுமாமே சிஸ்டர்?" என்று இன்றைக்கும் ஒருவர்.

"கல் கரையாது, ஈரல்தான் கரையும்" என்றேன். பால் பக்கமே போவதில்லை என்று பெருமையடித்துக்கொண்ட இன்னொருவரிடம், பாலை அடியோடு நிறுத்தினால் கல் கூடத்தான் செய்யும் என்று நூறாவது முறையாகச் சொன்னேன்.

கணக்கு டீச்சர் ஒருத்தி மட்டும் உண்மையைப் பேசினாள். "ரெண்டாவது பீரியட்ல நாப்பது பிள்ளைங்களை விட்டுட்டு நான் எங்க சிஸ்டர் போறது? அதான் ஸ்கூல்ல வாயையே நனைக்கறதில்ல." படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள் இருக்கின்றன. இதை எழுத அதில் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன். இப்படி நிறைய ஓரங்கள் ஆகிவிட்டன.

மார்ச் 5, புதன்

ஊருக்கு உபதேசமடி பெண்ணே, உனக்கில்லையடி கண்ணே.

என் வீட்டுக்காரருக்கே இரண்டு முறை கல் வந்தாயிற்று. முதலாவது தானாக வெளியே வந்தது. இரண்டாவதை லேசர் வைத்து உடைத்தார்கள். அவர் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவர். நகரத்தின் நடுவில் எழும்பும் முப்பத்திரண்டு மாடிக்கும் மேலே, கண்ணாடிக் கூண்டில் பத்து மணி நேரம். பதினாறு வருஷமாக அதுதான் அவருடைய நாற்காலி. ஆராய்ச்சியில் அவரைச் சேர்க்க முடியாது, ஊழியர் குடும்பம் கூடாது என்று ஆராய்ச்சியை நடத்தும் பெரிய டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

தினமும் இரண்டு லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கொடுக்கிறேன். சாயங்காலம் காலியாக வருகிறது. "பாரு, ஒரு சொட்டு மிச்சமில்ல" என்று கவிழ்த்துக் காட்டுவார். அப்புறம் ஏன் முகம் இப்படி வாடிக் கிடக்கிறது? நின்றபடியே இடுப்பில் கை வைக்கிறாரே, அது ஏன்? கேட்டால், "வெயில்" என்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

பெரிய டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி, வீட்டுக்கும் ஒரு கேன் கொண்டுவந்துவிட்டேன். நாளை காலை முதல் மறுநாள் காலை வரை முழுவதும் இதில் பிடிக்க வேண்டும்.

"ஊர்க்காரன் மூத்திரம் பத்தாதுன்னு வீட்டுலயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். மகள் தன் அறையிலிருந்தே, "ஐயோ, அதை ஃப்ரிட்ஜ்ல மட்டும் வெச்சிடாதீங்க!" என்று கத்தினாள்.

பால்கனியில் வைக்க ஒப்பந்தம் ஆயிற்று.

மார்ச் 13, வியாழன்

முடிவு வந்தது. இரண்டு லிட்டர் அறுநூறு மில்லி. தாளைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துபோயிற்று. என் நச்சரிப்பு ஒரு ஆளிடமாவது பலித்ததே!

ஒரு நிமிஷம்தான்.

லேப் அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "இது யாரு புது ஆளு? சரியான கில்லாடி" என்றாள். "கிரியாட்டினின் பாதிகூட இல்ல பாரு. பாதி நாள் பிடிக்கவே இல்ல. மிச்சத்துக்குக் குழாயைத் திறந்து விட்டிருக்கான்."

இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. கிரியாட்டினின் உடம்பின் தசைக்குத் தக்கபடி தினமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளியேறும் பொருள். தண்ணீரைக் கூட்டலாம், அதைக் கூட்ட முடியாது. மூன்று வருஷத்தில் பதினோரு பேரை இப்படிப் பிடித்திருக்கிறேன். ஒருவரையும் திட்டியதில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு கேன் கொடுத்து அனுப்புவேன்.

"எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

லேப் அக்கா தாளை மடித்து என் கையில் வைத்து, கையை மூடினாள்.

மார்ச் 14, வெள்ளி

சிரித்துக்கொண்டு கேட்க முடியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தாளை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். மறைக்கவில்லை.

"சைட்ல அந்தக் கேனைத் தூக்கிட்டு நாலு பேரு நடுவுல எப்படிப் போறது? வீட்டுல போனதைப் பிடிச்சேன். மிச்சத்துக்குத் தண்ணி ஊத்தினேன்."

"அப்ப தினமும் காலியா வர்ற பாட்டில்?"

"கூண்டுக் கண்ணாடியைக் கழுவுவேன். தூசி."

"குடிக்கிறதே இல்லையா?"

"வாய் நனைச்சுக்குவேன்." அப்புறம் வெடித்தார். "எறங்கி மறுபடி ஏற நாப்பது நிமிஷம். அதுவரைக்கும் கீழ கான்கிரீட்டு காத்துக்கிட்டு நிக்குமா? வயர்லெஸ்ல சூப்பர்வைசர், 'என்ன மகாராஜா, மறுபடியுமா?'ன்னு கேப்பான். பாட்டில்லயே போலாம்னு நீ சொல்லுவ, சுத்தி நாலு பக்கமும் கண்ணாடி. எதிர்ல ஆபீஸு, பொம்பளைங்க உக்காந்து வேலை பாக்கறாங்க. நான் மனுஷன் இல்லையா?"

ஏன் பொய் சொன்னீங்க, அதை மட்டும் சொல்லுங்க என்றேன்.

"நீ சாயங்காலம் மொதல்ல அந்தப் பாட்டிலைத்தான் பாக்கற. அப்புறம்தான் என் மூஞ்சி."

எழுந்து உள்ளே போனேன். பாத்திரம் கழுவினேன். நாளெல்லாம் எத்தனை பேரிடம் எத்தனை டம்ளர் என்று கேட்கிறேன். யாரிடமாவது எங்கே போவீர்கள் என்று கேட்டேனா? கட்டின புருஷன்கிட்டயே கேக்கலையே.

மார்ச் 28, வெள்ளி

பாட்டிலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பேசுவதும் குறைந்துபோயிற்று. இரண்டும் ஒன்றாக நிற்கும் என்று நினைக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மூன்று வருஷத்தின் முடிவை இன்று திறந்தார்கள். சின்ன அறை, நாங்கள் ஐந்து பேர், புள்ளிவிவரக்காரரின் கணினி. நச்சரித்த குழுவில் முப்பத்தொரு பேருக்கு மறுபடி கல். தாள் மட்டும் கொடுத்த குழுவில் முப்பத்திரண்டு.

ஒன்று. ஒரே ஒரு ஆள்.

முதல் ஆறு மாதம் என் ஆட்கள் நிஜமாகவே அதிகம் குடித்திருக்கிறார்கள், கோடு மேலே போகிறது. பிறகு மெல்ல மெல்ல இறங்கி அடுத்த குழுவின் கோட்டோடு ஒட்டிக்கொண்டது. நூற்றைம்பது வாரம், வாரத்துக்குத் தொண்ணூற்றெட்டு அழைப்பு. பெருக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டு வேண்டாம் என்று விட்டேன்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் வயதாகிவிட்டது, இன்றுதான் கவனித்தேன். "நாம தப்புப் பண்ணல சிஸ்டர்" என்றார். "சொல்லி மட்டும் பிரயோஜனம் இல்லைன்னு இப்பத் தெரிஞ்சிருக்கு. அதுவும் ஒரு பதில்தான். இதையும் அப்படியே எழுதி அனுப்பணும்."

தெரிந்துகொள்ள இத்தனை கேன் தூக்க வேண்டியிருந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

உயிரோடு இருக்கிறார். இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

ஏப்ரல் 25, வெள்ளி

எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

செவ்வாய் முற்பகல் பதினொன்றரைக்கு சைட் சிக்னல்மேனிடமிருந்து போன். கீழே நின்று இவருக்கு சைகை கொடுக்கிறவர். பதினைந்து வருஷப் பழக்கம், என்னை 'அண்ணி' என்பார். "அண்ணி, அண்ணனுக்கு மேல வலி வந்திருச்சு. எறங்க முடியல. நீங்க வாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். நானும் அண்ணாந்தேன். அங்கிருந்து கூண்டு ஒரு தீப்பெட்டி அளவு. உள்ளே ஆள் தெரியவில்லை.

சிக்னல்மேன் சொன்னதுதான் நடந்தது. கொக்கியில் ஒன்றரை டன் இரும்புக் கம்பிக் கட்டு. அதற்கு நேர் கீழே கம்பி கட்டுகிற ஆட்கள் இருபது பேர். அப்போதுதான் அந்த வலி வெட்டியிருக்கிறது. வயர்லெஸ்ஸில் ஒரு முனகல், அப்புறம், "கீழ எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லு." அவ்வளவுதான் பேச்சு. கட்டை அந்தரத்தில் நிறுத்தி, ஆட்கள் விலகும்வரை பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறக்கித் தரையில் வைத்திருக்கிறார். பதினோரு நிமிஷம். கம்பிக் கட்டு தரையைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை, பூவை வைத்த மாதிரி வைத்தார் என்றார் சிக்னல்மேன். அதன் பிறகு வயர்லெஸ்ஸில் வாந்தி எடுக்கும் சத்தம்.

அந்த வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பிள்ளை பெற்றவர்களே இதற்கு அழுது பார்த்திருக்கிறேன். அந்த வலியோடு ஏணியில் கால் வைக்க முடியாது. தீயணைப்புக்காரர்கள் ஏறி, உடம்பில் பெல்ட் கட்டி, கயிற்றில் இறக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. இருபத்திரண்டு வருஷ நர்ஸ் நான், கீழே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இறக்கியதும் அவர் நெற்றியில் கை வைத்தபோது அனலாகக் கொதித்தது. கல் அடைத்து, அடைத்த இடத்துக்குப் பின்னால் சீழும் பிடித்தால் சில மணி நேரத்தில் ஆளையே கொண்டுபோய்விடும்.

கொண்டுபோகவில்லை. அன்று மாலையே அடைப்பைத் தாண்டி ஒரு மெல்லிய குழாயைச் செருகினார்கள். கல்லை எடுப்பதெல்லாம் கிருமி அடங்கிய பிறகு.

இன்று கண் திறந்து தெளிவாகப் பேசினார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" அதுதான் முதல் கேள்வி.

"ஒண்ணும் ஆகல" என்றேன்.

"ஒரு மாசமாவே வலி இருந்துச்சு. மாத்திரை போட்டுக்கிட்டேன்."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"நீதான் பேசறதையே நிறுத்திட்டியே."

குற்றமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய், இருந்ததை இருந்தபடி சொன்னார். அதுதான் தாங்க முடியல.

மே 6, செவ்வாய்

ஸ்கேன். இடது சிறுநீரகத்தில் கால் பங்குதான் வேலை செய்கிறது. மீதி திரும்பி வர வாய்ப்புக் குறைவு. அவரிடம் நானே சொன்னேன். "ஒண்ணேகால் இருக்குல்ல, போதும்" என்றார். மகள்தான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

மே 12, திங்கள்

லீவு முடிந்து வேலைக்குப் போனேன். படிவங்களைக் கட்டி ஆவண அறைக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைப் படித்தேன்.

கணக்கு டீச்சர். பஸ் ஓட்டுநர்: "கடைசி ஸ்டாப்புலதான் சிஸ்டர், அதுவும் ஒரு மரம் இருந்துச்சு, வெட்டிட்டாங்க." பெரிய கடையில் பில் போடுகிறவள்: "எந்திரிச்சா சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பாப்பாரு." வாசல் காவலாளி. தையல் ஆலைப் பெண்கள் மூன்று பேர், ஒரே பதில்: கழிவறைக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும், ஒரு வரிசைக்கு ஒரே டோக்கன். எல்லாம் என் கையெழுத்து. நானே எழுதி நானே மறந்தது.

நச்சரித்த குழுவில் மறுபடி கல் வந்த முப்பத்தொரு பேரை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். இருபத்திரண்டு பேரின் ஓரத்தில் ஏதோ ஒன்று எழுதியிருந்தது.

மே 14, புதன்

பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவர் உட்கார்ந்துவிட்டார்.

"இது ஆதாரம் ஆகாது சிஸ்டர். யார் தானா சொன்னாங்களோ அவங்களோடது மட்டும்தான் எழுதியிருக்கீங்க. எல்லார்கிட்டயும் கேக்கல."

"தெரியும் மேடம்."

"பென்சில்ல வேற எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "ஆதாரம் ஆகாது, ஆனா கேள்வி ஆகும்" என்றார். "நாம ஆளைத் திருத்தப் பாத்தோம். ஆளு இருக்கற எடத்தைப் பாக்கவே இல்ல. நானும்தான். ஆபரேஷன் இருக்கற நாள்ல நான் தண்ணி குடிக்கறதில்ல, தெரியுமா?"

தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும்.

ஜூன் 17, செவ்வாய்

கல்லை எடுத்துவிட்டார்கள். ஒன்பது மில்லிமீட்டர். லேப் அக்கா ஒரு துண்டை வெட்டி லென்ஸின் கீழ் காட்டினாள். மரத்தை அறுத்தால் தெரிவது போல அடுக்கடுக்காக வளையங்கள். கால்சியம் ஆக்ஸலேட், எங்களுக்கு வருவதில் பெரும்பாலும் இதுதான். "வெயில் காலத்துக்கு ஒண்ணா?" என்றேன். "அப்படியெல்லாம் எண்ண முடியாதும்மா" என்றாள். இருந்தாலும் இரண்டு பேரும் எண்ணிப் பார்த்தோம்.

இவர் பார்க்க விரும்பவில்லை. "அதைப் போய் என்னத்தைப் பாக்கறது."

ஜூலை 3, வியாழன்

வீட்டில் இருக்கிறார். தண்ணீர் குடிக்கிறார், கழிவறைக்கு ஓடுகிறார். "காலைல அஞ்சு நிமிஷம் பாத்ரூம் எனக்குக் கிடைக்குமா கிடைக்காதா?" என்று மகள் சண்டை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, தூரத்தில் தெரியும் மூன்று கிரேன்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். நடுவில் இருப்பது இவருடையது. வேறு யாரோ ஓட்டுகிறார்கள். "வெட்டி வெட்டி இழுக்கறான்" என்று முணுமுணுத்தார்.

ஆகஸ்ட் 9, சனி

சைட் என்ஜினீயர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். அன்று கம்பிக் கட்டை இறக்கியதைப் பற்றி மரியாதையாகப் பேசினார். கீழே சிக்னல் வேலை தருகிறேன், இல்லையென்றால் டாக்டர் அனுமதித்தால் மேலேயே வரலாம் என்றார்.

இவர் யோசித்துப் பேசினார். "மேல வர்றேன் சார். தனியா இல்ல. முற்பகல் ஒருக்கா, பிற்பகல் ஒருக்கா, கூண்டுல இருக்கறவனை எறக்கி விட்டு, அவன் திரும்பி வர்ற வரைக்கும் மேல உக்கார ஒரு ஆளு வேணும். மூணு கிரேனுக்கும் சேத்து ஒரே ஆளு போதும்."

என்ஜினீயர் சிரித்துவிட்டார். "ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு ஆளாண்ணே?"

"அன்னிக்கு அந்தக் கட்டு கையை விட்டுப் போயிருந்தா எத்தனை ஆளு வேண்டியிருக்கும் சார்?"

என்ஜினீயர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். காப்பி ஆறிப்போயிற்று. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "என் தம்பிக்கும் இந்தக் கல்லு இருக்கு" என்றார்.

செப்டம்பர் 8, திங்கள்

சம்மதம். ஆறு மாதத்துக்குச் சோதனையாக, அந்த மாற்று ஆளாக இவரையே போட்டிருக்கிறார்கள். கூண்டுக்குப் பக்கத்து மாடியிலேயே ஒரு கழிவறை கேட்டதற்கு மட்டும் இல்லை என்றுவிட்டார்கள்.

பெரிய டாக்டரும் புதுத் திட்டம் எழுதி முடித்துவிட்டார். இந்த முறை வீட்டுக்குப் போன் கிடையாது. வேலை செய்கிற இடத்துக்கே போய், அங்கே ஒன்றை மாற்றி, மாற்றியதற்கு முன்னும் பின்னும் அளப்பது. கிரேன் சைட் ஒன்று, தையல் ஆலை ஒன்று. ஆலைக்காரர்கள் இன்னும் பதிலே போடவில்லை.

நவம்பர் 12, புதன்

கிரேன்காரர்கள் மூன்று பேருக்கும் கேன் கொடுக்க சைட்டுக்குப் போயிருந்தேன். தலைக்கவசம் மாட்டிவிட்டார்கள், கனம், கழுத்து வலி. நான் பேசினால் அவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். இவர் பேசினால் இவரைப் பார்க்கிறார்கள். கேனில் தண்ணீர் ஊற்றிய கதையை இவரே சொன்னார். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "கூண்டுக் கண்ணாடி கழுவினீங்களா? நான் என்னவோ நான் மட்டும்தான்னு நெனச்சேன்" என்றார்.

போன வாரத்து ஸ்கேனில் இவருக்குப் புதுக் கல் இல்லை. இடது பக்கம் அதே கால் பங்கு, கூடவில்லை, குறையவும் இல்லை. இப்படி ஆள் மாற்றினால் கல் வருவது குறையுமா? தெரியாது. தெரிய மூன்று வருஷம் ஆகும். அதற்குள் என் இடுப்பு என்ன ஆகுமோ.

பதினொரு மணிக்கு நடு கிரேன் நின்றது. இவர் ஏணியில் கை வைத்தார். முன்பு போல ஒரே மூச்சில் இல்லை. ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்தவர் இறங்கி வந்தார். நேரே கழிவறைக்குப் போனார். வந்து முகம் கழுவினார், நிழலில் உட்கார்ந்து ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்தார். அப்புறம் இன்னொன்று.

அண்ணாந்து பார்த்தேன். இவர் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, கொக்கி காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கான்கிரீட் வண்டி ஒன்று வாசலில் நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். யாரும் கத்தவில்லை.